எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாத அம்மா

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கணபதி எல்லாம் கரைத்து முடிந்து, மழையும் ஒரு வழியாக ஓய்ந்திருந்த சமயம். இடம், மும்பை தாராவியில் நாங்கள் குடியிருக்கும் சந்து. இதை யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால், "சரி, இதில் நீ யார் பக்கம்?" என்று கேட்கிறார்கள். அதுதான் எனக்கே தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

செம்பூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம். யாருக்குச் சத்தான சாப்பாடு கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்று எங்களைப் போன்றவர்கள் இருக்கும் இடங்களில் ஆராய்ச்சி செய்தார்கள். அதற்கு உணவு நீதி என்று பெயர். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கையில் இருந்தால் சாப்பிடப் போகிறார்கள், இல்லாவிட்டால் பட்டினி, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று அதை நடத்திய மேடத்தின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அப்படிச் சொன்னதாலோ என்னவோ, எங்கள் பகுதிக்கு என்னையே ஒருங்கிணைப்பாளராகப் போட்டுவிட்டார்கள். நான் பத்தாவது வரை முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அதற்கு முன் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

வெளியிலிருந்து ஆள் வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போகிற ஆராய்ச்சி இல்லை இது. என்ன கேட்க வேண்டும் என்று சந்துக்காரர்களே உட்கார்ந்து முடிவு செய்வோம். வீடு வீடாகப் போய்க் கேட்பதும் பெரும்பாலும் எங்கள் பெண்கள்தான். நேற்று என்ன சமைத்தீர்கள், யார் முதலில் சாப்பிட்டார்கள், யார் கடைசியில் சாப்பிட்டார்கள், கடைசியில் சாப்பிட்டவருக்கு என்ன மிஞ்சியது. சில வீடுகளில் தட்டில் போட்ட சோற்றைத் தராசில் வைத்து எடை போடவும் செய்வோம்.

நான் இதற்கு ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் எங்கள் சந்தின் பாலவாடி. சின்னப் பிள்ளைகளுக்குச் சூடாகக் கிச்சடி போடுவார்கள். பால் கொடுக்கிற தாய்மாருக்கும் சத்து மாவுப் பொட்டலம் கிடைக்கும். அது இருந்த கட்டிடத்தை இடிக்கப்போகிறோம் என்று சொல்லி, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். எங்கள் சந்தில் பாதி வீடுகளில் இட்லித் தொழில். விடிவதற்குள் அவித்து, சைக்கிள்காரர்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, அதன்பிறகு பாத்திரம் கழுவி அரிசி உளுந்து ஊறப்போட வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ரோட்டை யார் தாண்டுவது? பிள்ளைகள் போவது நின்றுவிட்டது. என் தம்பியின் மூத்த பிள்ளையும் அதில் ஒன்று. தம்பி பெண்டாட்டிக்கு அப்போது கைக்குழந்தை வேறு.

ஆராய்ச்சி முடிந்ததும் வார்டு ஆபீசில் அதிகாரிகளைக் கூட்டி வைத்துச் சொல்வார்கள். எந்தச் சந்தில் போதுமான வீடுகள் பதில் சொல்லியிருக்கின்றனவோ அந்தச் சந்தைப் பற்றித்தான் பேச முடியும். எங்கள் சந்து விட்டுப்போனால் பாலவாடியும் போச்சு. எனக்கு விஷயம் அவ்வளவுதான்.

இதில் முதல் சிக்கல் தமிழ். கேள்விகள் எல்லாம் தமிழில் இருந்தன. எங்கள் சந்துப் பெண்கள் வாய் ஓயாமல் தமிழ் பேசுவார்கள். படிக்கத் தெரியாது. எல்லாம் ஹிந்தி மீடியம், இங்கிலீஷ் மீடியம். அதனால் மாட்டுங்காவிலிருந்து தமிழ் படிக்க எழுதத் தெரிந்தவர்களை உதவிக்குக் கூப்பிட்டார்கள். சில பேர் வந்தார்கள். சாக்கடை நாற்றமும் ஏணிப்படியும் பார்த்ததும் வந்த வேகத்தில் போய்விட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் நின்றார்.

அறுபது வயதைத் தாண்டிய அம்மா. ஏதோ இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பூர்வீகம் பாலக்காடு. பஞ்சு மாதிரிப் பருத்திப் புடவை, துணிப்பை, மழை இல்லாவிட்டாலும் கையில் குடை. ஒரு நாளும் லேட் கிடையாது. அவர் "சாப்டேளா", "சொல்லுங்கோ" என்று பேசுவதைக் கேட்டு எங்கள் பெண்கள் சிரித்து உருண்டார்கள். ஒருத்தி அவர் எதிரிலேயே அதே மாதிரி பேசிக் காட்டினாள். அவர் கோபப்படவில்லை. "இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்று திருத்திக் கொடுத்தார்.

இரண்டாவது சிக்கல், செம்பூர் மேடம் போட்ட ஒரு விதி. கேள்வி கேட்கப் போகும் வீட்டில் சாப்பாடு, டீ, தண்ணீர் எதுவும் வாங்கக் கூடாது. பயிற்சியின்போதே நான் எழுந்து கத்தினேன். எங்கள் ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எந்தச் சாதி எந்தச் சாதி வீட்டில் கை நனைக்கும் என்கிற கணக்கை மூட்டை கட்டிக்கொண்டுதானே திருநெல்வேலியிலிருந்து ரயில் ஏறினோம். மேடம் பொறுமையாகக் கேட்டார். "இல்லாதவங்க பானையிலிருந்து நாம எடுக்கலாமா? நமக்கு டீ போட்டால் அன்னிக்குக் குழந்தைக்குப் பால் குறையும். அதை நாமே குறைச்சிட்டு, நாமே போய் அளக்கிறதா?" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. நான் சொன்னதும் நியாயம்தான். குழப்பம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

வேலை தொடங்கிய வாரமே வெடித்தது. எங்கள் சந்தில் பெரிய அளவில் இட்லி போடுகிற அக்கா ஒருத்தி. அவள் தலையசைத்தால்தான் மற்ற வீடுகளில் கதவு திறக்கும். அவள் வீட்டில் மாட்டுங்கா அம்மாவும் இரண்டு பெண்களும் போய் நின்றிருக்கிறார்கள். அக்கா செம்பில் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். வேண்டாம் என்றிருக்கிறார்கள். டீ போட்டிருக்கிறாள். அதுவும் வேண்டாம். அடுத்த நாள் தண்ணீர்க் குழாயடியில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, யாரக் கூட்டிட்டு வந்து எங்க வீட்டுல ஏத்துத? செம்பு கசக்குதாமா அவியளுக்கு?"

"அது ஆபீசு ரூலுக்கா."

"ரூலா. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள்ல சைக்கிள்காரன மறிச்சு நின்னு திங்காவள்லா, அந்த இட்லி எவ வீட்டுல அவிச்சதுன்னு கேட்டா திங்காவ? அங்க எறங்குது. இங்க வந்தா மட்டும் தொண்ட அடைக்கோ?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் போன வீடுகளில் எல்லாம் "ஆள் இல்லை", "வேலை இருக்கு", "பொறவு வா". கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு ஆள் இல்லை என்கிறார்கள். ஒரே நாளில் சந்து மூடிக்கொண்டது.

நேராகச் செம்பூருக்குப் போனேன். உங்கள் விதியை நீங்களே வைத்துக்கொண்டு வேறு ஊரில் போய் நீதி தேடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மேடம் அரை நாள் யாரிடமெல்லாமோ போனில் பேசினார். கடைசியில், தண்ணீரும் டீயும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், எடை போடும் வீடுகளில் மட்டும் கூடாது என்று இறங்கி வந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் திரும்பி வந்து, சந்து முழுக்கச் சொல்லி, மறுநாள் எல்லோரையும் அக்கா வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா தட்டில் டீ கொண்டுவந்தாள். பெண்கள் எடுத்தார்கள். நான் எடுத்தேன். மாட்டுங்கா அம்மா கையைக் கூப்பி, "நேக்கு வேண்டாம்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அப்படியானால் இத்தனை நாளும் அந்த அம்மாவுக்கு விதி ஒரு சாக்கு. வாசலில் வைத்து, ஊர் கேட்க, நேராகவே கேட்டேன். "இப்ப ரூல் ஒண்ணும் இல்ல. ஏன் குடிக்க மாட்டீங்க? நேரா பதில் சொல்லுங்க."

மென்று முழுங்குவார், சர்க்கரை, பிரஷர் என்று ஏதாவது சொல்வார், அதை வைத்தே நாலு கேள்வி கேட்டு விரட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"நான் மத்தவா ஆத்துல எதுவும் எடுத்துக்கறதில்லை. அப்படியே வளர்த்துட்டா. தப்புன்னு தெரியும். ஆபீஸ்ல அத்தனை பேரோட அத்தனை வருஷம் இருந்தும் மாத்திக்க முடியலை. ஒடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லலாம். உங்க மூஞ்சியப் பார்த்துண்டு அது வரலை."

"அப்புறம் எங்க ஆளுங்க என்ன திங்காங்கன்னு கேக்க எதுக்கு வந்தீங்க?" என்றேன் நான்.

"தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவா வேணும்னா. நேக்குத் தெரியும். வந்தேன்."

அக்கா இப்போது செம்பைத் தூக்கி எறியப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். எறிந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும், மறைக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, நீ சும்மா இரு. இந்தச் சந்துல மட்டும் எல்லாரும் எல்லாரு வீட்டுலயும் கை நனைக்கமாக்கும்? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து, மொய் எழுதிட்டு, வயித்து வலின்னு சாப்பிடாமப் போனவ இந்தக் கூட்டத்துலயே நிக்கா. எந்த வயித்து வலின்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இவிய வயித்து வலின்னு சொல்லலல்லா?"

கோடி வீட்டுக்காரி சாக்கடையில் என்னவோ விழுந்துவிட்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி வேண்டாம்னா வேண்டாம்," என்றாள் அக்கா அந்த அம்மாவிடம். "ஆனா நின்னுக்கிட்டே கேக்கப்படாது. உள்ள வந்து பாயில உக்காந்து கேக்கணும்." அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார். கால் மடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வாசலிலேயே நின்றேன், கையில் ஆறிப்போன டீயோடு.

எனக்குத் தாங்கவில்லை. சந்துக்காக நான் சண்டை போட்டேன். சந்து அந்த அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு என்னைச் சும்மா இரு என்கிறது. மறுநாள் மேடத்திடம், அந்த அம்மாவை நிறுத்துங்கள் என்றேன். "நிறுத்தலாம். ஆனால் அவங்களை ஏத்துக்கிட்டது உங்க சந்துதானே? இதுல முடிவு சந்துக்காரங்களோடது, ஆபீசோடது இல்லைன்னு நீங்கதானே எல்லா மீட்டிங்லயும் சொல்வீங்க?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

கதவுகள் திறந்தன. வேலை நடந்தது. அந்த அம்மா ரொம்ப மெதுவாக வேலை செய்வார். அவர் வாசித்து வாசித்தே கேள்விகள் மனப்பாடமாகிவிட்டதால், எங்கள் பெண்கள் தனியாகப் போய்ச் சட்டுசட்டென்று முடித்துவிட்டு வருவார்கள். இவர் ஒரு வீட்டுக்குள் போனால் வெளியே வர நேரமாகும். வெட்டிக்கதை பேசுகிறார் என்று நினைத்தேன்.

எங்கள் சந்தில் யார் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "சாப்பிட்டாச்சா?". பதில் "சாப்பிட்டாச்சு". இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கேட்டவர் சோறு போட வேண்டி வரும், அந்தச் சங்கடத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. தம்பி வீட்டுக்கு நான் ஒன்று விட்டு ஒரு நாள் போவேன். தம்பி பெண்டாட்டியிடம் இதே கேள்வியைக் கேட்பேன். இதே பதிலைச் சொல்வாள். எனக்கு டீ போட்டுக் கொடுப்பாள். குடித்துவிட்டு வருவேன்.

சொந்தக்காரர் வீட்டில் நாமே கேள்வி கேட்கக் கூடாது என்பதால் தம்பி வீடு மாட்டுங்கா அம்மாவுக்குப் போனது. அன்று மத்தியானம் தராசு வேறு வீட்டுக்கு வேண்டியிருந்தது. அது அந்த அம்மாவிடம் இருந்ததால் வாங்கப் போனேன். வாசலில் திரை தொங்கியது. உள்ளே பேச்சுச் சத்தம். பேச்சு முடியட்டும் என்று நின்றேன்.

நேற்றுக் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார். டீ என்கிறாள். மத்தியானம்? "பிள்ள தட்டுல வச்ச மிச்சம். அதுல தண்ணி விட்டுக் குடிச்சேன்." ராத்திரி? "அவிய சாப்பிட்டாவ. பானையில ஒண்ணும் இல்ல." முந்தின நாள்? அதேதான். எத்தனை நாளாய் இப்படி? பட்டறையில் தம்பிக்கு வேலை குறைந்ததிலிருந்து என்றாள். மழைக்கு முன்னாலிருந்தே.

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள். ஊரில் யார் என்ன தின்றார்கள் என்று விசாரிக்கிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறேன். கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீடு.

"உங்க மதினி அடிக்கடி வராளே, அவாகிட்டச் சொல்லப்படாதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"மதினிகிட்டயா? சொன்னா அவிய வீட்டு அரிசிய அப்படியே தூக்கிட்டு வந்து கொட்டிருவாவ. ஊருக்கே தெரியும்படி கொட்டுவாவ. பொறவு அவிய தம்பி தல நிமுந்து நடக்காண்டாமா?"

பிறகு அந்த அம்மா கேட்டார், "எங்கிட்ட மட்டும் எப்படிச் சொல்றேள்?"

"நீங்க எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டிய. உங்க முன்னால எனக்கு என்ன மானம் கெடக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை அவள். சாதாரணமாக, அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். உள்ளே அந்த அம்மா என்ன முகத்தோடு இருந்தார் என்று தெரியாது. நான் தராசு வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

அந்த ராத்திரி நான் பட்ட குழப்பம் கொஞ்சமல்ல. அரிசி கொண்டுபோய்க் கொடுத்தால், நான் ஒட்டுக்கேட்டது தெரியும். அவள் பயந்ததையே செய்ததாகவும் ஆகும். குழம்பு கொடுத்து அனுப்பலாம் என்றால், எங்கள் வழக்கப்படி, வந்த பாத்திரத்தைச் சும்மா திருப்பி அனுப்ப மாட்டோம். ஒரு பிடி எதையாவது போட்டுத்தான் அனுப்புவோம். என் ஒரு கிண்ணம் குழம்புக்காக அவள் வீட்டில் இருக்கிற கொஞ்சமும் என் வீட்டுக்கு வரும். எதைச் செய்தாலும் இடிக்கிறது. இதில் யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. என் தம்பி மேலா? அவள் மேலா? நான் அரிசியை ஊருக்கே தெரியும்படி கொட்டுவேன் என்று அவள் சொன்னது உண்மை. நான் அப்படித்தான். என் மேல் கோபப்படலாம் என்றால், கேட்காமலா இருந்தேன், ஒவ்வொரு முறையும் கேட்டேனே.

இரண்டு நாள் கழித்து, பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது மாட்டுங்கா அம்மாவிடம் கேட்டேன். "என் தம்பி வீட்டுல என்ன சொன்னா?"

"அது அவா எங்கிட்டச் சொன்னது. உங்ககிட்டச் சொல்லப்படாது."

"என் தம்பி வீடு அது."

"அதனாலதான் சொல்லப்படாது."

அப்போதுதான் வாசலில் நின்று கேட்டதைச் சொன்னேன். உங்க முன்னால எனக்கு என்ன மானம் என்று அவள் கேட்டாளே, அதைக் கேட்டு உங்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்டேன். குத்த வேண்டும் என்றே கேட்டேன்.

அவர் குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "தெரியலை," என்றார். "ஆத்துக்குப் போனேன். சாப்பிடாம இருந்துடலாம்னு தோணித்து. ஆனா சாப்பிட்டேன். பசிச்சது." பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். மத்தியானம் தம்பி பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். எடை போடும் தராசைப் பழக வேண்டும், ஒருவர் கூட இருந்தால் நல்லது என்றேன். சமைப்போம், எடை போடுவோம், பிறகு அதை என்ன செய்வது, சாப்பிடுவோம். இரண்டாவது வாரத்தில் அவள், "மதினி, இன்னுமா உங்களுக்கு அந்தத் தராசு பிடிபடல?" என்றாள். நான், "மண்டையில ஏறமாட்டேங்கு" என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வார்டு ஆபீஸ் கூட்டத்துக்கு இட்லி அக்காவும் நானும் இன்னும் சில பேரும் போனோம். எங்கள் பெண்கள் வாங்கி வந்த பதில்களில் எல்லா வீட்டிலும் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டிருந்தார்கள். சோறு, குழம்பு, மீன், எல்லாம். அக்கம்பக்கத்துப் பிள்ளை வந்து கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? அந்த அம்மா வாங்கிய பதில்கள்தான் வேறு மாதிரி இருந்தன. வீட்டு அடையாளம் எதுவும் இல்லாமல் அவற்றை மேடம் ஒவ்வொன்றாகப் படித்தார். பிள்ளை வைத்த மிச்சத்தில் தண்ணீர் விட்டுக் குடிக்கிறேன் என்பதும் வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த அதிகாரிகூட நிறுத்திவிட்டுக் கேட்டார். அதன்பின் அலைச்சல், மனு, சண்டை எல்லாம் இருந்தது. சண்டைக்கு நான் இருந்தேன். கடைசியில் எங்கள் சந்திலேயே ஒரு அறை பிடித்துப் பாலவாடியைத் திறந்தார்கள். தாய்மாருக்கு மாவுப் பொட்டலமும் வருகிறது.

திறந்த அன்று பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. என் தம்பி பிள்ளை இரண்டாம் முறை கிச்சடி கேட்டு, வாங்கி, முழுதும் சாப்பிட்டது. தட்டில் எதுவும் மிச்சம் வைக்கவில்லை. அவன் அம்மா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டுங்கா அம்மா வரவில்லை. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும் என்று அக்கா சொன்னாள். கூப்பிட்டு, கிச்சடி கொடுத்து, அவர் கையைக் கூப்பி வேண்டாம் என்பதை அந்தப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமா என்று நான் கேட்டேன்.

அவர் செய்தது தப்பு. எங்கள் வீட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பவரை எத்தனை உண்மை பேசினாலும் நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால், கூடவே வாழ்ந்த என்னிடம் வராத உண்மை அவரிடம் ஏன் போனது என்ற கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருப்பதால்தான், இப்போதெல்லாம் யாராவது "சாப்பிட்டாச்சு" என்று சொன்னால் நான் உடனே எழுந்து வந்துவிடுவதில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.